கீசர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறதா? அடைத்துவிடாதீர்கள்

போன மார்கழியில் சத்துவாச்சாரி வீட்டில் கீசர் போட்டாலே அடியிலுள்ள சேஃப்டி வால்விலிருந்து சொட்டத் தொடங்கியது. பார்க்க வந்த பிளம்பர் ஓட்டையில் எம்சீல் வைத்து அடைத்துவிட்டார். விஷயம் புரிந்த அன்று இரவே வால்வை மாற்றினேன்.

25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 350 மில்லி கூடும். உள்ளே வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் அது திரும்பிப் போக முடியாது. அந்த ஒன்றரை டம்ளர் வெளியேறத்தான் அந்த ஓட்டை. அடைத்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், டேங்கே வெடிக்கலாம்.

மாற்றும் முறை:

1. சுவிட்ச் மட்டும் போதாது, மீட்டர் போர்டிலுள்ள எம்சிபியையும் (கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) அணையுங்கள். தண்ணீர் ஆறட்டும்.

2. கீசருக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை (சுவரிலுள்ள சின்னத் திருகு வால்வு) மூடுங்கள்.

3. சுடுதண்ணீர்க் குழாயைத் திறங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிடும். டேங்க் காலி என்று நினைத்து நான் வால்வைக் கழற்ற, முழங்கை வழியாகத் தண்ணீர் கொட்டியது. சுடுதண்ணீர் டேங்கின் மேல்பகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கீழிருந்து தள்ள தண்ணீர் வராவிட்டால் அது நின்றுவிடும், டேங்க் நிறைந்தே இருக்கும். எனவே குழாயைத் திறந்தே வைத்துவிட்டு, வால்வின் லீவரைத் தூக்கி, பக்கெட்டில் முழுவதையும் இறக்குங்கள். மேலே காற்று போனால்தான் கீழே இறங்கும். 25 லிட்டருக்கு இரண்டு பக்கெட் வேண்டும்.

4. பழைய வால்வைக் கழற்றுங்கள். பைப் ரெஞ்ச் பித்தளையைக் கடித்துவிடும், அட்ஜஸ்டபிள் ஸ்பேனரே நல்லது. எங்கள் போர் தண்ணீர் உப்பு; பழைய வால்வின் ஸ்பிரிங் முழுக்கச் சுண்ணாம்பாகப் படிந்திருந்தது.

5. புதிய வால்வின் அம்புக்குறி டேங்கைப் பார்க்க வேண்டும். டெஃப்லான் டேப் மரையில் மட்டும். பித்தளை வால்வே வாங்குங்கள்.

6. ஓட்டையில் டியூப் மாட்டி, கீழ்நோக்கியே தரைக்கு விடுங்கள். முனையில் குழாயோ மூடியோ வேண்டாம்.

7. ஆங்கிள் வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகே கரண்ட் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை லீவரைத் தூக்கிவிடுங்கள். சுடுதண்ணீர் பாயும், கை ஜாக்கிரதை.

பின்சேர்க்கை: காட்பாடி அபார்ட்மென்ட்டிலிருந்து ஒருவர், கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டுகிறது என்றார். அவர்கள் லைனில் பிரஷர் பம்ப் ஓடுகிறது. முதலில் வால்வில் உப்பு அடைத்திருக்கிறதா பார்க்கச் சொன்னேன், சுத்தமாக இருந்தது. கீசருக்கு முன்னால் பிரஷர் குறைக்கும் வால்வு வைத்து அழுத்தத்தை 3 பார் (bar) அளவுக்கு இறக்கியதும் அது நின்றுவிட்டது. சூடேறும்போது மட்டும் இப்போதும் சொட்டுகிறது, அது அப்படித்தான் இருக்க வேண்டும்.