லாமா வளர்ப்பு: பாசத்தால் வரும் தவறுகள்

ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த கம்பளி விலங்கான லாமாவுக்கு நேரும் கெடுதல்களில் பல, அதன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் கையால்தான் நேர்கின்றன. அமெரிக்காவில் சிறு பண்ணை வைத்திருப்பவர்கள் ஆசை ஆசையாக வாங்கி வளர்க்கும் விலங்கு இது. அந்த ஆசையே சில நேரம் அதற்கு எமனாகிவிடுகிறது.

இவற்றில் மிக ஆபத்தானது ஆண்குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வீட்டுப்பிள்ளைபோல் வளர்ப்பது. தாயிடம் பால் இல்லை, அல்லது தாயே இறந்துவிட்டது என்றால் புட்டிப்பால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். தவறு அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. கட்டிப்பிடிப்பது, வீட்டுக்குள் படுக்கவைப்பது, போகுமிடமெல்லாம் பின்னால் வரவிடுவது என்று வளர்த்தால், மனிதர்கள்தான் தன் கூட்டம் என்று அந்தக் குட்டி மனத்தில் பதித்துக்கொள்ளும். பருவம் வந்ததும் வளர்த்தவரையே போட்டி ஆணாகப் பார்க்கும். 150 கிலோ எடையுள்ள விலங்கு நெஞ்சால் மோதித் தள்ளும், காலைக் கடிக்கும். வளர்ந்த ஆணுக்கு, மற்ற ஆண்களோடு சண்டையிடுவதற்கென்றே கத்திபோல் கூரான பற்கள் ஆறு முளைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. காயடித்தால் வேகம் குறையலாம்; பழகிய குணம் முழுக்கப் போகும் என்று நம்ப முடியாது. ஆகவே குட்டியை மற்ற லாமாக்களின் நடுவிலேயே விடுங்கள். பாலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொஞ்சாமல் வருவது கஷ்டம்தான், ஆனால் அந்தக் குட்டிக்குச் செய்யக்கூடிய பெரிய நன்மை அதுதான்.

'ஒன்றை வாங்கிப் பார்ப்போம்' என்று தனியாக வாங்குவதும் தவறு. பெரு, பொலிவியா மலைநாடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மந்தையாகவே வாழ்ந்து வந்த இனம் இது. குறைந்தது இரண்டு லாமாக்கள் வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஆட்டு மந்தைக்குக் காவலாக ஒற்றை லாமாவை விடுவார்கள். அது ஆடுகளையே தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். அந்த வேலைக்குக் காயடித்த ஆணோ பெண்ணோதான் ஏற்றது. காயடிக்காத ஆண், பெட்டை ஆடுகள்மேல் ஏறி நசுக்கிவிடக்கூடும். தனியாக வரும் நரியை விரட்டும் லாமாவால் நாய்க்கூட்டத்தைச் சமாளிக்க முடியாது.

அடுத்தது தீனி. மலைச்சரிவில் காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கப் பழகிய வயிறு அதற்கு. ஒரு நாளைக்கு உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் உலர்புல் போதும். 150 கிலோ விலங்குக்குச் சுமார் 3 கிலோ. குதிரைமசால் என்ற சத்து மிகுந்த தீவனப்பயிரும் தானியமும் அன்றாடம் அள்ளிப் போட்டால் கொழுத்துப்போகும். மாட்டுக்கான தாது உப்பையும் கலப்புத் தீவனத்தையும் கொடுக்கவே வேண்டாம்: அவற்றில் இருக்கும் செம்பு லாமாவின் ஈரலில் சேர்ந்து விஷமாகும். இளைத்திருக்கிறதா, கொழுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கம்பளி எல்லாவற்றையும் மறைத்துவிடும். தோளுக்குப் பின்னால் கம்பளிக்குள் விரல்களை விட்டு முதுகெலும்பையும் விலாவையும் தடவிப் பார்க்கவேண்டும். நோவை வெளியே காட்டாத விலங்கு இது, ஆகவே இந்தப் பழக்கம் உயிரைக் காக்கும்.

கம்பளி அழகாக இருக்கிறதே என்று கோடையிலும் கத்தரிக்காமல் விடுபவர்கள் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் இது கொல்லும். பண்ணைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டி, 150ஐத் தாண்டினால் கவனம், 180ஐத் தொட்டால் ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஆணுக்கு விரைப்பை வீங்கினாலோ உடனே குளிர்விக்கவேண்டும். அப்போது முதுகில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நனைந்த கம்பளி உள்சூட்டை வெளியே விடாது. வயிற்றிலும் கால்களிலும் ஊற்றுங்கள்.

முகக்கயிறு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் லாமாவின் மூக்கெலும்பு குட்டை, அதற்குக் கீழே வெறும் குருத்தெலும்புதான். கயிறு கண்ணுக்கு அருகில் உயரத்தில் இருக்கவேண்டும். முன்னால் வழுக்கினால் மூக்கை அழுத்தி மூச்சை அடைக்கும், விலங்கு மிரண்டு துள்ளும். அதைத்தான் 'முரட்டு லாமா' என்று அடிக்கிறார்கள். மேய்ச்சலுக்கு விடும்போது கயிற்றைக் கழற்றிவிடுங்கள்.

கிழக்கு அமெரிக்காவில் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. அங்குள்ள வெண்வால் மானிடம் ஒரு புழு இருக்கிறது; மானை அது ஒன்றும் செய்யாது. மான் சாணத்திலிருந்து நத்தைக்குப் போய், புல்லோடு நத்தையை விழுங்கும் லாமாவின் தண்டுவடத்துக்குள் புகுந்துவிடும். பின்னங்கால் தள்ளாடினால் 'சுளுக்காக இருக்கும்' என்று நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்தப் பயத்தில் கண்ட மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் வயிற்றுப்புழுக்கள் மருந்துக்கு அடங்காமல் போகும். எந்த மருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்லட்டும். புழுக்கையைச் சோதித்துப் புழு முட்டைகளை எண்ணிப் பார்க்கச் சொல்வார். லாமாக்கள் எல்லாம் ஒரே குவியலில்தான் புழுக்கை போடும். பொதுக் குவியலிலிருந்து அள்ளிக் கொடுத்தால் எதற்கு நோய் என்று தெரியாது. நின்று பார்த்து, ஒவ்வொன்றும் போட்டவுடன் தனித்தனியாக எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள்.