ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் இன்று பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ வேலையில் இருக்க, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்திருப்பார்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று போனால் அந்த ஆள் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். சம்பளத்துக்குப் பார்த்தாலும் உறவுக்குப் பார்த்தாலும் நடக்கிற தவறுகள் ஒரே மாதிரிதான். அலட்சியத்தால் வருபவை கொஞ்சம். அவசரத்தாலும், நமக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நினைப்பாலும், அளவு மீறிய பாசத்தாலும் வருபவை அதிகம்.

கேட்காமல் தொடுவது

கட்டிலில் ஆச்சி விழித்தபடி படுத்திருப்பார். பக்கத்திலேயே நின்று, "காலைல ரெண்டு தரம் படுக்கையிலயே போயிட்டாக" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும் மற்றவர் பேசுவது பெரும்பாலும் புரியும். பதில் சொல்லத்தான் வாய் வராது. டாக்டர் உங்களைப் பார்த்து "சாப்பிடுறாங்களா?" என்று கேட்டால், ஆச்சியின் பக்கம் திரும்பி, "ஆச்சி, டாக்டர் கேக்காக, நேத்து சாப்பாடு இறங்குச்சா?" என்று கேளுங்கள். பேச்சு அவரிடமே போய்விடும்.

உடை மாற்றுவது, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது என எதுவானாலும் தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். "ஆச்சி, சேலை மாத்திருவோமா? இப்பமா, காப்பி குடிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். வயதான மூளைக்கும், பக்கவாதம் வந்த மூளைக்கும் கேள்வி போய்ச் சேர்ந்து பதில் திரும்ப நேரம் எடுக்கும். பதில் வருவதற்குள் சேலையை உருவுவதைத்தான் பெரியவர்கள் அவமானமாக உணர்கிறார்கள். கதவைச் சாத்துவதும், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு துடைப்பதும் இதில் சேர்ந்தவைதான்.

"வேண்டாம்" என்று சொன்னால் பிடிவாதம் என்று முடிவுகட்ட வேண்டாம். காரணம் இருக்கும். தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்த தாத்தாவுக்கு, நாற்காலியில் உட்கார வைத்து யாரோ ஒருவர் தலையில் தண்ணீரைக் கவிழ்ப்பது குளியலாகவே தோன்றாது. செம்பை அவர் கையில் கொடுங்கள். முதல் தண்ணீரைக் காலில் அவரே ஊற்றிக்கொள்ளட்டும். குளிர், மூட்டு வலி, ஆண் உதவியாளர் முன் பெண்ணுக்கு வரும் கூச்சம் என்று காரணம் வேறாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது

இதைப் பாசம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அரை மணி நேரம் எடுத்தாலும் தன் கையால் சாப்பிடக்கூடியவருக்கு, பத்து நிமிடத்தில் முடியட்டும் என்று ஊட்டிவிட்டால், கொஞ்ச நாளில் அந்தக் கை உண்மையிலேயே வேலையை மறந்துவிடும். படுக்கையிலேயே கிடக்கும் முதியவரின் தசை சில நாட்களிலேயே வலுவிழக்கத் தொடங்கும். ஒரு பட்டனை அவர் போடட்டும், மீதியை நீங்கள் போடுங்கள்.

மறதி நோய் வந்தவர்களிடம் இது இன்னும் முக்கியம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் ஆயுள் முழுக்கப் பீடி சுற்றிய பெண்கள் உண்டு. நினைவு போன பிறகும் அந்த விரல்கள் சும்மா இருக்காது; சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருக்கும், நூலை இழுக்கும். சேலை கிழிகிறது என்று கையைக் கட்டிலோடு கட்டிவிடுகிற வீடுகள் இருக்கின்றன. அது மிகப் பெரிய தவறு. கட்டினால் பயமும் ஆத்திரமும் கூடும், கட்டை அறுத்துக்கொண்டு எழும்போது விழுந்து அடிபடும். மடியில் நாலு துணித்துண்டும் ஒரு முறமும் வைத்தால் கை வேலையில் இறங்கிவிடும்.

உடம்பைப் பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

ஏர் பெட் (காற்று அடைத்த மெத்தை) வாங்கிப் போட்டாயிற்று, இனிப் படுக்கைப் புண் வராது என்று இருந்துவிடுகிறார்கள். ஏர் பெட் இருந்தாலும் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தே ஆக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, தோள்பட்டை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. நிற மாற்றம் இருக்கிறதா என்று பார்த்து, சூடோ கெட்டித்தன்மையோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. ஸ்பிரிட், பவுடர் போட்டுத் தேய்ப்பது நொந்த தோலை இன்னும் நோகடிக்கும்.

படுத்தபடியே கஞ்சி ஊற்றுவது அடுத்தது. நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள். கொடுத்த பிறகும் அரை மணி நேரம் சாய்க்க வேண்டாம். பக்கவாதம் வந்தவர் சாப்பிடும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கொழகொழத்தாலோ உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கெட்டியான களியைவிட வெறும் தண்ணீர்தான் இதில் எளிதாகப் புரையேறும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இருமலோ குரல் மாற்றமோ வந்தால் கொடுப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். வாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதும் கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீர் விஷயத்தில்தான். கக்கூசுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அடிக்கடி கூப்பிடத் தயங்கி, பல ஆச்சிமார் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அப்படி இருந்தால் உடம்பு வற்றும், சிறுநீரில் கிருமித் தொற்று வரும். பிறகு ஒருநாள் திடீரென்று ஆளைத் தெரியாமல் பிதற்றுவார்கள். "வயசாயிட்டு, மூள பெசகிட்டு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் வந்த குழப்பம் வயதால் வருவதில்லை, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய் அது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் வியர்த்து, நடுங்கி, உளறினால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்கவும் முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108க்குக் கூப்பிடுங்கள். இதய, சிறுநீரக நோயாளிக்குத் தண்ணீர் அளவு டாக்டர் சொன்னபடிதான்.

மாத்திரை கொடுத்த நேரம், தோலில் பார்த்தது, சாப்பிட்ட அளவு எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற செவிலியருக்கும் அது உதவும். அந்த நோட்டில் உள்ளது பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. புண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது.

கண்டும் காணாமல் இருப்பது

உடம்பில் காரணம் சொல்ல முடியாத கன்றல், குறிப்பிட்ட ஒருவர் வந்தால் மட்டும் வரும் பயம், எதற்கென்று தெரியாமல் வாங்கிய கைநாட்டு: இவற்றைப் பார்த்த பராமரிப்பாளர் "குடும்ப விஷயம்" என்று ஒதுங்கக் கூடாது. தேதியோடு எழுதி வைத்துவிட்டு, முதியோர் உதவி எண் 14567ஐக் கூப்பிடலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன்படி பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நம் நெல்லை மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என இரண்டு கோட்டங்கள். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கிய சொத்து, பார்க்காமல் விட்டால் செல்லாது என்று அறிவிக்கவும் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

குடும்பத்தார் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. ஒரே பெண்ணைப் பகலும் இரவும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டு, வாரத்துக்கு ஒரு நாள்கூட லீவு கொடுக்காமல் வைத்திருப்பது. தூக்கம் கெட்டவர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார், தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொள்வார், கடைசியில் குரலை உயர்த்துவார். அவருக்கு இரவில் முழுத் தூக்கம், வார லீவு, நேரத்துக்குச் சம்பளம் மூன்றும் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். லீவு நாளில் பார்த்துக்கொள்ள இன்னொருவரை இப்போதே பேசி வைத்து, நோட்டையும் மாத்திரைப் பெட்டியையும் அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.