சிக்லிட் மீன்களில் ஆண், பெண் அறியும் முறை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி வைத்து, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் குடும்ப மீன்களை வளர்ப்பவர், அவற்றுள் எது ஆண், எது பெண் என்று அறிந்திருப்பது மிகவும் அவசியம். ஏனெனில் ஒரே இனத்தின் இரண்டு ஆண்கள் அவ்வளவு சிறிய இடத்தில் வளர்ந்துவிட்டால், வலியது மற்றதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடக் கூடும்.

சிராங்கூன் நார்த் வட்டார மீன் கடைகளில் விரலளவுக் குஞ்சுகளை வாங்கும்போது பாலினம் கேட்டுப் பயனில்லை. மலாவி ஏரி வகையான பீகாக் சிக்லிட்டின் குஞ்சுகள் அனைத்தும் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். ஆண் வளர்ந்து பருவமடையும் காலத்தில்தான் நீலமோ சிவப்போ ஏறத் தொடங்கும். மிகச் சிறிய மீன்கள் எல்லாமே பளிச்சென்று மின்னினால், ஹார்மோன் கொடுத்து நிறமேற்றியிருக்கலாம் என்று ஐயுறுவது நல்லது.

சிக்லிட்டுகளில் நிறம் இனத்துக்கு இனம் வெவ்வேறு பொருள் தரும். கெனியி இனத்தில் குஞ்சுகளும் பெண்களும் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். ஆராட்டஸ் இனத்திலோ பெண்தான் மஞ்சள், ஆண் கருமை கொள்கிறது. கான்விக்ட் பெண்ணின் வயிற்றில் ஆரஞ்சு நிறச் செதில்கள் தெரியும். கிரிபென்சிஸ் பெண்ணின் வயிறு செர்ரிப் பழம்போல் சிவக்கும். ஆனால் தொட்டியில் அடங்கிக் கிடக்கும் ஆண், பெண்ணின் நிறத்திலேயே நெடுநாள் இருந்துவிடுவதும் உண்டு. குதத் துடுப்பில் (குதத்துக்குப் பின்னால் அடிப்பக்கம் உள்ள துடுப்பில்) முட்டைப் புள்ளிகள், அதாவது முட்டை போன்ற வட்டப் புள்ளிகள் இருந்தால் ஆண் என்று பலர் உறுதியாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆணுக்கு அவை பெரும்பாலும் கூடுதலாகவும் தெளிவாகவும் இருக்குமே தவிர, பல இனங்களில் பெண்ணுக்கும் அவை உண்டு.

ஆகவே ஐயம் தீர வேண்டுமானால், ஓரளவு வளர்ந்த மீனின் அடிப்பகுதியைப் பார்ப்பதே சிறந்த வழி. தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் சிங்கப்பூர்க் குழாய் நீரில் உள்ள, மீனுக்குத் தீங்கான குளோரமின் எனும் கிருமிநாசினி, இரவு முழுவதும் திறந்து வைத்தாலும் அகலாது. கைகளை நனைத்து, ஈர வலையில் மீனை ஏந்தி, மெதுவாக மல்லாத்திச் சில நொடிகளுக்குள் கைப்பேசியில் படமெடுத்துவிட்டு வாளியில் விடுங்கள். படத்தில் இரண்டு துளைகள் தெரியும்: தலைப்பக்கம் இருப்பது குதம், வால்பக்கம் இருப்பது இனப்பெருக்கத் துளை. பின்னது முன்னதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் பெண். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் ஆண். ஒரு மீனை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒரே இனத்தின் நான்கைந்து மீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடும். தாடைக்குக் கீழே உப்பி, இரை தின்னாமல் ஒதுங்கி நிற்கும் மலாவி மீனைத் தொட வேண்டாம். அது வாயில் முட்டைகளை அடைகாக்கும் பெண், அச்சத்தில் அவற்றை உமிழ்ந்துவிடும்.

சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த ஏஞ்சல் மீனுக்கு நிறமும் துடுப்பும் உதவுவதில்லை. முட்டையிடும் நேரத்தில் வெளியே நீளும் சிறு குழாய் மெலிந்து கூராக இருந்தால் ஆண், தடித்து மழுங்கியிருந்தால் பெண். இரண்டு பெண்களே இணைசேர்ந்து இலையில் முட்டையிடுவதும் உண்டு என்பதால், முட்டைகள் ஒவ்வொரு முறையும் முழுவதும் வெளுத்துப்போனால் அந்தக் குழாய்களை மறுபடியும் பாருங்கள். ஆறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவை தாமாகவே இணையைத் தேடிக்கொள்ள விடுவதே இந்த மீனுக்கு நான் பரிந்துரைக்கும் வழி.