கையிலிருக்கும் யூஎஸ்பி லேன் அடாப்டரின் டிரைவரைச் சுத்தம் செய்வது எப்படி? லினக்ஸ் கெர்னலுக்குப் புதியவர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கக் கல்லூரிகளில் கெர்னலுக்கு ஒரு பேட்சாவது (நிரலில் செய்யும் மாற்றம்) அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கள் பலர் பிடிக்கும் வழி ஒன்றுதான்: ஏதோ ஒரு டிரைவர் மீது, நிரலின் எழுத்து நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுவது, வந்த எச்சரிக்கைகளைத் திருத்துவது, அனுப்பிவிடுவது. நெட்வொர்க் பகுதியில் இது எடுபடாது. வேறு வேலையோடு சேராத வெறும் சுத்தம் செய்யும் பேட்ச்களை ஊக்குவிப்பதில்லை என்று, நெட்வொர்க் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நெட்டெவ் குழுவின் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். செக்பேட்ச் எச்சரிக்கைகள், உள்ளூர் மாறிகளின் வரிசை, சாதனம் விலகும்போது வளங்களைத் தாமே விடுவிக்கும் டெவ்எம் வகைச் செயற்கூறுகளுக்கு மாற்றுவது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். எழுத்துப்பிழை திருத்த மட்டும் தடையில்லை.

இதில் நியாயம் உண்டு. பழைய டிரைவர்கள் பலவற்றுக்கு அந்தச் சிப்பை வைத்துச் சோதித்துப் பார்க்க ஆள் கிடையாது. அழகுக்காக ஒரு வரியை மாற்றப் போய் ஒரு பிழை நுழைந்தால், அது வெளியே தெரிய ஆண்டுக்கணக்காகும். போதாததற்கு, பழைய நிலைப் பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டுபோகும்போது இந்த அழகு மாற்றங்கள் குறுக்கே நிற்கும்.

அதனால் இங்கே சொல்லப்போவது ஒரே வழிதான்: கையில் சிப் இருக்கும் டிரைவரை மட்டும் தொடுங்கள், மாற்றிய பிறகும் அது முன்போலவே ஓடுகிறது என்று காட்டுங்கள். கையில் எதுவும் இல்லை, பழக மட்டும் வேண்டும் என்றால் டிரைவர்ஸ் அடைவுக்குள் இருக்கும் இன்னும் தரம் போதாத டிரைவர்களை வைத்திருக்கும் ஸ்டேஜிங் பகுதிக்குப் போங்கள். ஆர்டிஎல்8723பிஎஸ் வைஃபை டிரைவர் அங்கேதான் இருக்கிறது. கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பார்த்துக்கொள்ளும் அந்தப் பகுதியில் செக்பேட்ச் திருத்தங்களுக்கு இடம் உண்டு.

படி 1: எந்த டிரைவர் என்று கண்டுபிடியுங்கள்

மடிக்கணினியில் செருகும் கிகாபிட் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று போதும். செருகிவிட்டு எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுங்கள். அடையாள எண்ணின் பின்பாதி 8153 என்றால் ரியல்டெக் சிப், 1790 என்றால் ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179. முதலாவதற்கு ஆர்8152, இரண்டாவதற்கு ஏஎக்ஸ்88179_178ஏ என்ற டிரைவர். இரண்டும் டிரைவர்ஸ், நெட், யூஎஸ்பி என்ற அடைவில் இருக்கின்றன.

பெட்டியில் அச்சிட்ட சிப் பெயரை நம்பி உட்கார வேண்டாம். ஈத்டூல் கட்டளையில் சின்ன எழுத்து ஐ கொடுத்து, உண்மையில் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அதே சிப் சில சமயம் சிடிசி_என்சிஎம் என்ற பொதுவான டிரைவரில் ஓடிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் வேறு கோப்பைத் திருத்தி, சோதனை எல்லாம் சரியாக வந்தது என்று மகிழ்ந்து பயனில்லை. அடாப்டரோடு வரும் குறுவட்டிலுள்ள மூல நிரலையும் தொடாதீர்கள். அதற்கும் கெர்னலில் இருப்பதற்கும் தொடர்பு குறைவு.

படி 2: மூல நிரலும் கட்டமைப்பும்

நெட்வொர்க்குக்கு இரண்டு மரங்கள், அதாவது தனித்தனி மூல நிரல் தொகுப்புகள், உண்டு. பிழைத் திருத்தம் நெட் மரத்துக்குப் போகும். புதிய வசதியும் சுத்தம் செய்வதும் நெட்-நெக்ஸ்ட் மரத்துக்குப் போகும். இரண்டையும் ஒரே களஞ்சியத்தில் இரு ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாம். 30 ஜிபி இடம் ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது.

கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து தொடங்கும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டையும் பார்க்கும் மாவட்டம் இது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு மரக்கிளை விழுந்தாலே கரண்ட் போய்விடும். ஆகவே டெப்த் 1 கொடுத்து மேலோட்டமாக இறக்குங்கள், பிறகு டீப்பன் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வரலாற்றைச் சேருங்கள். முழு வரலாறு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஒரு பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கிட் பிளேமில் தேட முடியாது.

அடுத்து, எதையெல்லாம் கம்பைல் செய்வது என்ற கான்ஃபிக் கோப்பை உருவாக்கும் மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளை. இது அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றிவிடும். அடாப்டரைச் செருகிய பிறகே இதை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திருத்த வந்த டிரைவரே பட்டியலில் இருக்காது. உபுண்டுவின் கான்ஃபிக் கோப்பை எடுத்திருந்தால், கனானிகல் சான்றிதழ் கோப்பு இல்லை என்று கம்பைல் நின்றுபோகும். நம்பகச் சாவி, ரத்துச் சாவி என்ற இரண்டு அமைப்புகளையும் வெறுமையாக்கினால் சரியாகிவிடும். கம்பைல் முடிந்து மாட்யூலை ஏற்றும்போது சாவி நிராகரிக்கப்பட்டது என்று வந்தால், நம்பகக் கையொப்பம் இல்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்குகிறது என்று பொருள். சோதனைக் கணினியில் அதை அணைத்து வையுங்கள்.

படி 3: தொடும் முன் அளந்து வையுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இது. மாற்றும் முன் எண்கள் இல்லையென்றால், மாற்றிய பின் வரும் எண்களை எதோடு ஒப்பிடுவது?

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3ஐ இரண்டு திசையிலும் 60 நொடி ஓட்டி எழுதி வையுங்கள். நீல நிற யூஎஸ்பி 3 துளையில் கிகாபிட் அடாப்டர் டிசிபியில் 940 மெகாபிட் அளவுக்கு வரவேண்டும். யூஎஸ்பி 2 துளையின் மொத்த வேகமே 480 மெகாபிட்தான், எனவே அங்கே அளந்துவிட்டு டிரைவர் மெதுவாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. ஐபி லிங்க் காட்டும் புள்ளிவிவரத்தையும், ஈத்டூலில் பெரிய எழுத்து எஸ் கொடுத்தால் வரும் எண்ணிகளையும் கோப்பில் சேமியுங்கள்.

வழியில் சிதைந்த தரவைக் கணக்கிடும் சிஆர்சி பிழை எண்ணி ஏறிக்கொண்டே போனால் நிரலைத் தோண்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்ட ஆர்ஜே45 முனைகளில் பச்சை பிடித்திருக்கும். ஐப்பசி இடியில் அடிவாங்கிய ஸ்விட்ச் போர்ட் இன்னொரு சந்தேக நபர். வன்பொருள் கோளாறு இருக்கும் இடத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

படி 4: எதைத் தேடுவது

மேக் கட்டளையில் டபிள்யூ=1 சேர்த்தால் கூடுதல் எச்சரிக்கைகள் வரும். சி=1 சேர்த்தால் நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்பார்ஸ் கருவி, புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டும் பார்க்கும்; சி=2 எல்லாவற்றையும் பார்க்கும். செக்பேட்ச் கடைசியில் வரட்டும்.

யூஎஸ்பி டிரைவர்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம், சிப்பின் ரெஜிஸ்டரைப் படிக்கும் செயற்கூறு. 4 பைட் கேட்கிறது. திரும்பி வரும் எண் எதிர்மறையாக இருந்தால் மட்டும் பிழை என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் பல யூஎஸ்பி லேன் டிரைவர்களுக்குப் பொதுவான யூஎஸ்பிநெட்டின் படிக்கும் செயற்கூறு, உண்மையில் எத்தனை பைட் வந்தது என்றுதான் திருப்பித் தரும். சாதனம் 2 பைட் மட்டும் கொடுத்தால் விடை 2. அது எதிர்மறை இல்லையே, நிரல் தொடர்ந்து ஓடும். மீதி 2 பைட்டில் ஸ்டாக்கில் (செயற்கூறின் தற்காலிக நினைவகத்தில்) கிடந்த பழைய குப்பை இருக்கும். அதை மேக் முகவரி என்றோ லிங்க் நிலை என்றோ டிரைவர் நம்பிவிடும். கெர்னலைத் தானாகச் சோதிக்கும் சிஸ்பாட் இந்த வகைப் பிழைகளைப் பல யூஎஸ்பி டிரைவர்களில் பிடித்துக் கொடுத்திருக்கிறது. திருத்தம் சின்னது: பூஜ்யத்தை விடக் குறைவா என்று பார்ப்பதை 4ஐ விடக் குறைவா என்று மாற்றுங்கள். விடை எதிர்மறையாக இருந்தால் அதையே திருப்புங்கள், இல்லையென்றால் தரவு இல்லை என்னும் ஈநோடேட்டா பிழையைத் திருப்புங்கள். இது சுத்தம் செய்வதல்ல, பிழைத் திருத்தம். நெட் மரத்துக்கு, பிழை நுழைந்த கமிட்டைச் சொல்லும் ஃபிக்சஸ் வரியோடு போகவேண்டியது.

சாதனத்தோடு கட்டளைகளைப் பரிமாறும் யூஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜிக்கு ஸ்டாக்கில் உள்ள பஃபரை நேரடியாகக் கொடுக்கும் நிரல் கண்ணில் பட்டாலும் அது பிழையே. அந்த நினைவகத்துக்கு டிஎம்ஏ (சிபியு இல்லாமல் நேரடியாகத் தரவை மாற்றுவது) செய்யக் கூடாது. கெர்னல் 5.10இல் வந்த யூஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜி_ரிசீவ், ஸ்டாக் பஃபரையும் குறைவாக வந்த பைட்டுகளையும் தானே கவனித்துக்கொள்ளும்.

மற்றவை விரைவாக. எழுத்துச்சரத்தை நகலெடுக்கும் எஸ்டிஆர்எல்சிபிஒய் 6.8இலேயே நீக்கப்பட்டுவிட்டது, இப்போது எஸ்டிஆர்எஸ்சிபிஒய்தான். ஆனால் எஸ்டிஆர்என்சிபிஒய் மீதி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும்; அந்த நிரப்பலை நம்பி பயனர் பக்கத்துக்கு நகலெடுக்கும் நிரல் என்றால் எஸ்டிஆர்எஸ்சிபிஒய்யின் பேட் என்று முடியும் வடிவத்தைப் போடுங்கள். மேக் முகவரியை நேரடியாக எழுதுவது 5.17 முதல் கம்பைல் ஆகாது, ஈத்_எச்டபிள்யூ_அட்ர்_செட் வழியாக எழுத வேண்டும். 1ஐ 31 இடம் தள்ளும் கோவையை பிட்(31) என்று மாற்றும்போது அதன் வகை அன்சைன்ட் லாங் ஆகிவிடுகிறது. அச்சிடும் வடிவமும், 64 பிட் மாறிகளோடு சேரும் இடமும் மாறலாம். ஸ்பார்ஸ் எண்டியன் (பைட்டுகளின் வரிசை) எச்சரிக்கை தந்தால் ஃபோர்ஸ் என்ற குறியைப் போட்டு வாயை அடைக்காதீர்கள். நம் எக்ஸ்86 கணினிகளில் தவறும் சரியும் ஒரே மாதிரி ஓடும். பிக் எண்டியன் கணினியில்தான் வெடிக்கும்.

டெவ்எம் மாற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூஎஸ்பி இல்லாத பிளாட்ஃபார்ம் டிரைவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டரப்டைக் (சாதனம் அனுப்பும் குறுக்கீட்டுச் சமிக்ஞையை) கேட்கும் வரியை மட்டும் டெவ்எம் வடிவத்துக்கு மாற்றி, சாதனம் விலகும்போது ஓடும் ரிமூவ் செயற்கூறில் அதை விடுவித்த ஃப்ரீ_ஐஆர்க்யூ வரியை எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். பார்க்க நிரல் சுருங்கி அழகாக இருக்கும். ஆனால் டெவ்எம் இன்டரப்டை விடுவிப்பது ரிமூவ் முடிந்த பிறகு. ரிமூவுக்குள்ளேயே ஃப்ரீ_நெட்டெவ் ஓடி நினைவகம் போய்விட்டது. இரண்டுக்கும் இடையில் ஒரு இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். சும்மா ஓடிக்கொண்டிருந்த டிரைவரில் இப்படிச் செய்வது, வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துக் கட்டிக்கொள்ளும் வேலை.

படி 5: மாறவில்லை என்று நிரூபியுங்கள்

பெயர் மாற்றம், மாறிகளின் வரிசை, எண்ணுக்குப் பதில் மேக்ரோ போன்ற மாற்றங்களில் கம்பைலர் தரும் இயந்திர நிரல் மாறவே கூடாது. மாற்றும் முன்னும் பின்னும் அந்த ஒரு கோப்பின் ஆப்ஜெக்டை உருவாக்கி, ஆப்ஜ்டம்ப்பில் சின்ன எழுத்து டி கொடுத்து இரண்டையும் டிஃப் செய்யுங்கள். வேறுபாடே வராவிட்டால் நிம்மதி. வார்ன் போன்ற மேக்ரோக்கள் வரி எண்ணைத் தமக்குள் வைத்திருப்பதால் அந்த எண்கள் மாறலாம். அதைத் தவிர வேறு ஏதாவது மாறினால், ஏன் என்று சொல்லத் தெரியும்வரை அனுப்பாதீர்கள்.

செயல்பாட்டை மாற்றும் பேட்சுக்கு இது போதாது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேஏசான், பூட்டுப் பிழைகளைப் பிடிக்கும் லாக்டெப் இரண்டையும் இயக்கிய கெர்னலில் ஐபெர்ஃப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடாப்டரைப் பிடுங்குங்கள், மறுபடி செருகுங்கள். ஒரு 50 முறையாவது. கணினியைத் தூங்கவைத்து எழுப்புங்கள். மாட்யூலை இறக்கி ஏற்றுங்கள். கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜ் சுத்தமாக இருக்க வேண்டும். வேகத்தை மட்டும் சாதாரண கெர்னலில் அளங்கள். கேஏசான் கெர்னல் இயல்பாகவே மெதுவானது.

படி 6: பிரித்து எழுதி அனுப்புங்கள்

ஒரு பேட்சில் ஒரே எண்ணம். இடைவெளித் திருத்தமும் தர்க்க மாற்றமும் ஒன்றாக வந்தால் படிக்கிறவர் இரண்டையும் நம்பமாட்டார். மின்னஞ்சலின் பொருள் வரியில் எந்த மரம் என்று சதுர அடைப்புக்குள் குறிப்பிடுங்கள். விளக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்பதை விட ஏன் என்பதையும், எந்த அடாப்டரில் எப்படிச் சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஃபிக்சஸ் வரியில் கமிட் அடையாளத்தின் முதல் 12 எழுத்தும், அந்தக் கமிட்டின் தலைப்பும் வரவேண்டும். உள்ளூர் மாறிகள் நீண்ட வரியில் தொடங்கிக் குறுகிய வரியில் முடியட்டும். நெட்வொர்க் பகுதியின் வழக்கம் அது. புதிதாக எழுதும் நிரலில் பின்பற்றினால் போதும், பழையதை இதற்காகக் கிளறாதீர்கள்.

கையொப்ப வரியில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல்: இனிஷியல். ஒரு பேட்சில் முன்னால், அடுத்ததில் பின்னால், மூன்றாவதில் விரித்து என்று போட்டால் கணக்கெடுப்பில் மூன்று ஆட்கள் ஆகிவிடுவீர்கள். கிட் கான்ஃபிக்கில் ஒரே வடிவத்தை எழுதி வையுங்கள்.

கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்புவது என்று சொல்லும். கிட் செண்ட்-ஈமெயில் வழியாகவே அனுப்புங்கள். உலாவியில் ஒட்டினால் டேப்கள் இடைவெளியாகி, பேட்ச் பொருந்தாமல் போகும். ஜிமெயில் என்றால் இரு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக் கடவுச்சொல் வாங்க வேண்டும். சில கல்லூரி வைஃபைகள் 587ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். அனுப்பும்போது அசையாமல் நின்றால் போன் ஹாட்ஸ்பாட்டில் முயலுங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த கடிதத்தைப் புதிய பிரான்ச்சில் கிட் ஏஎம் மூலம் பொருத்திப் பாருங்கள்.

ஒரு தொடரில் 15 பேட்சுக்கு மேல் வேண்டாம். திருத்தம் கேட்டால் குறைந்தது 24 மணி நேரம் கழித்தே வி2 (இரண்டாம் வடிவம்) அனுப்புங்கள். என்ன மாறியது என்ற குறிப்பை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள். உங்கள் சுத்தம் செய்யும் பேட்ச், நெட் மரத்துக்கு அனுப்பிய பிழைத் திருத்தத்தின் மேல் அமர்கிறது என்றால் அது நெட்-நெக்ஸ்டுக்கு வந்துசேரும்வரை பொறுங்கள். வழக்கமாக வாரம் ஒருமுறை, வியாழனை ஒட்டி நெட் மரம் கெர்னலின் தலைமைப் பராமரிப்பாளர் லினஸ் டோர்வால்ட்சுக்குப் போய், பிறகு நெட்-நெக்ஸ்டில் இணையும். புதிய வசதிகளை லினஸ் சேர்த்துக்கொள்ளும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரமும் நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும். அப்போது அனுப்பியது கவனிக்கப்படாமல் திரும்பும். முதல் ஆர்சி (சோதனைப் பதிப்பு) வெளியாகி மரம் திறந்த பிறகு, புதிய மரத்தின் மேல் ரீபேஸ் செய்து, ஆப்ஜெக்ட் ஒப்பீட்டை மறுபடி ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.