பி.ஏ. ஆங்கிலம்: சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலம் சேரும்போது ‘எந்தச் சிறப்புப் பிரிவு?’ என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. பட்டச் சான்றிதழிலும் அது வராது. கடைசி ஆண்டின் விருப்பப் பாடம், புராஜெக்ட், அதன் பிறகு எம்.ஏ. என்று மூன்று இடங்களில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் சேர்ந்துதான் உங்கள் சிறப்புப் பிரிவு உருவாகிறது. நான்காம் செமஸ்டர் முடிவதற்குள் திசை தெரிந்துவிட்டால் மூன்றும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். தெரியாவிட்டால், தோழி எடுத்த பாடம், மார்க் தாராளமாக விழும் பாடம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

படி 1: என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன?

இலக்கியம் (பிரிட்டிஷ், அமெரிக்க, இந்திய ஆங்கில இலக்கியம்), விமர்சனமும் கோட்பாடும், மொழியியல், ஆங்கிலம் கற்பித்தல், மொழிபெயர்ப்பும் ஒப்பிலக்கியமும் (வெவ்வேறு மொழி இலக்கியங்களை ஒப்பிட்டுப் படிப்பது). பெரும்பாலான மாணவர்களுக்கு இந்த ஐந்து போதும். உங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தை இறக்கி, ஆறு செமஸ்டர் தாள்களின் தலைப்புகளுக்கும் பக்கத்தில் அது இந்த ஐந்தில் எதைச் சேர்ந்தது என்று குறியுங்கள். முக்கால்வாசி இலக்கியமாகவே இருக்கும். மொழியியலும் கற்பித்தலும் ஆளுக்கு ஒன்றிரண்டு தாள்தான் வரும். ‘எனக்கு இலக்கியம்தான் பிடிக்கும்’ என்று பலர் சொல்வதற்கு, மற்றவற்றைப் பார்க்கவே வாய்ப்பு அமையாததும் ஒரு காரணம்.

படி 2: ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து பாருங்கள்

பிடித்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே இருந்தால் விடை கிடைக்காது. ஒரு வாரம் ஒதுக்கி, நாளுக்கு ஒன்றாகக் கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

இலக்கியத்துக்கு: பாடத்தில் இல்லாத ஒரு சிறுகதையை இரண்டு முறை படித்து, கைடு பார்க்காமல் 400 சொல் எழுதுங்கள். கதைச் சுருக்கம் 50 சொல்லைத் தாண்டக் கூடாது. மிச்சமுள்ள 350 சொல்லும் ‘இந்தக் கதை ஏன் இப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது’ என்பதைப் பற்றி இருக்க வேண்டும்.

கோட்பாட்டுக்கு: ஒரு விமர்சனக் கட்டுரையின் பத்துப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு பத்தியின் வாதத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். முதல் இரண்டு பக்கம் எல்லோருக்கும் கடினம். ஐந்தாம் பக்கத்திலும் எரிச்சல் மட்டுமே மிஞ்சினால் இதை விட்டுவிடலாம்.

மொழியியலுக்கு: போட்டோகிராஃப், போட்டோகிராஃபர், போட்டோகிராஃபிக் என்ற மூன்று சொற்களையும் அகராதியில் ஒலிக்குறிப்போடு பாருங்கள். அழுத்தம் முதல் சொல்லில் முதல் அசையிலும், அடுத்ததில் இரண்டாம் அசையிலும், கடைசியில் மூன்றாம் அசையிலும் விழுகிறது. அழுத்தம் நகரும்போது மற்ற உயிரொலிகள் மங்குகின்றன. இதே மாதிரி நகரும் வேறு பத்துச் சொற்களைத் தேடி, என்ன விதி இயங்குகிறது என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தேடலில் நேரம் போவதே தெரியவில்லை என்றால், மொழியியல் உங்களுக்கு ஒத்துவரும்.

கற்பித்தலுக்கு: எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட் காலத்தை 20 நிமிடத்தில் சொல்லிக்கொடுங்கள். இலக்கணப் பெயரையே சொல்லக் கூடாது. முடிவில் அவர் சொந்தமாக ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். நீங்களே 15 நிமிடம் பேசியிருந்தால் பாடம் தோற்றுவிட்டது. மறுநாள் வேறு வழியில் முயலத் தோன்றுகிறதா என்று பாருங்கள், அதுதான் இங்கே சோதனை.

மொழிபெயர்ப்புக்கு: ஓர் அரசு அறிவிப்பு, ஒரு செய்திக் கட்டுரை, ஒரு கதையின் ஒரு பக்கம். மூன்றையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். கதைக்குப் பாரதியோ புதுமைப்பித்தனோ நல்லது. இருவர் எழுத்தும் நாட்டுடைமை ஆனவை, ஆகவே பின்னால் வெளியிட உரிமைச் சிக்கல் வராது. நாட்டுடைமை ஆகாத மற்ற எழுத்தாளர்கள் என்றால், இந்தியச் சட்டப்படி அவர்கள் காலமாகி 60 ஆண்டு கழியும்வரை அனுமதி வாங்க வேண்டும்.

மார்க் போட்டு ஒப்பிட வேண்டாம். எதைத் திருத்தித் திருத்தி எழுதியும் சலிக்கவில்லை என்று பாருங்கள். ஆராய்ச்சியோ ஆசிரியப் பணியோ, அந்தத் திருத்தும் வேலைதான் வருடக்கணக்கில் உங்களோடு இருக்கப்போகிறது.

படி 3: எந்தக் கதவு மூடும் என்று பாருங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில முதுகலை ஆசிரியராக டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுத, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், கூடவே பி.எட். வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் முடித்து எம்.ஏ. மொழியியலோ இதழியலோ படித்தால் அந்தப் பணிக்கான வழி அடைபடும். படிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விதி விதிதான்.

இன்னொரு சிக்கல் பட்டத்தின் பெயர். ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’, ‘ஃபங்ஷனல் இங்கிலீஷ்’ போன்ற பெயருள்ள பட்டங்கள் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானவை என்று அரசாணை இருக்க வேண்டும். சேருவதற்கு முன்பே இணைத்தன்மை அரசாணையின் எண்ணைத் துறையில் கேட்டு வாங்குங்கள். ‘அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்ற வாய்மொழி பதில், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் உதவாது.

பள்ளி வேலை இலக்கு இல்லை என்றால் களம் விரிகிறது. மொழியியலுக்கு அண்ணாமலைப் பல்கலையும் கோவை பாரதியார் பல்கலையும் இருக்கின்றன. கற்பித்தலுக்கும் மொழியியலுக்கும் ஹைதராபாத் இ.எஃப்.எல். (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள்) பல்கலை. ஒப்பிலக்கியத்துக்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர், அங்கே 1956 முதல் அதற்கென்றே தனித்துறை இயங்குகிறது. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க நினைப்பவர்கள் கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழைப் பாருங்கள். குறைந்தது 120 மணி நேர வகுப்பு, அதற்குள் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும்.

படி 4: நெட் தேர்வோடு பொருத்துங்கள்

கல்லூரி ஆசிரியர் ஆக விரும்பினால் யு.ஜி.சி. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) ஆங்கிலப் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளையும் இப்போதே படித்துப் பாருங்கள். நாடகம், கவிதை, புனைகதை, உரைநடை ஆகிய நான்குதான் நேரடி இலக்கியம். மொழியும் அதைக் கற்பித்தலும், இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, விமர்சனம், கோட்பாடு, ஆய்வு முறையியல் என்று மிச்சம் ஆறு. நாவல்களில் மட்டும் மூழ்கியவருக்கு இரண்டாம் தாளின் 100 கேள்விகளில் கணிசமானவை கைநழுவும். சிறப்புப் பிரிவு எதுவானாலும், வாரத்துக்கு ஒரு மாலையை உங்கள் பிரிவுக்கு வெளியே உள்ள அலகுக்குக் கொடுங்கள். தவறான விடைக்கு மார்க் கழிப்பதில்லை, ஆகவே எந்தக் கேள்வியையும் விடாதீர்கள்.

படி 5: புராஜெக்டைக் குறுக்குங்கள்

‘ஒரு நாவலாசிரியரின் படைப்புகளில் பெண்ணியம்’ என்ற தலைப்பு வேண்டாம். அதை 40 பக்கத்தில் எழுதினால் கதைச் சுருக்கங்களின் தொகுப்பாகத்தான் முடியும். ஒரே நூல், ஒரே கேள்வி என்று வையுங்கள்: ‘இந்த நாவலில் சமையலறைக் காட்சிகளில் பேசுவது யார், கேட்பது யார்?’ இப்படிக் கேட்டால் எந்தப் பக்கங்களைத் திரும்பப் படிப்பது என்பது உடனே தெரிந்துவிடும். மேற்கோள் முறைக்கு எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) கையேட்டின் 2021ஆம் ஆண்டு ஒன்பதாம் பதிப்பைப் பின்பற்றுங்கள். இணையத்தில் பழைய பதிப்பின் மாதிரிகள் கலந்துகிடக்கின்றன. எழுத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதிகளில், 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் தண்டனை இல்லை. முறையாக மூலம் காட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது.

படி 6: கல்லூரியில் அந்தப் பாடமே இல்லை என்றால்

மொழிபெயர்ப்பு விருப்பப் பாடமாக இல்லாத கல்லூரிகள் நிறைய. மத்திய அரசின் இலவச இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஜனவரி, ஜூலை பருவங்களில் பாடங்கள் திறக்கும். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதிலிருந்து ஏற்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. ஆனால் ஏற்பது கல்லூரியின் கையில் இருக்கிறது. பதிவு செய்வதற்கு முன் பாடத்தின் பெயர், வாரங்கள், கிரெடிட் எல்லாம் எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் தேர்வு எழுதினால் சான்றிதழ் வரும், மதிப்பெண் பட்டியலில் ஏறாது.