பழைய படகு வாங்கும்போது காகிதத்தில் கோட்டை விடும் இடங்கள்

மார்ச் பிறந்தால் போதும், ஹூஸ்டன் பக்கம் நம்மவர்களுக்குப் படகு ஆசை தொற்றிக்கொள்கிறது. கால்வெஸ்டன் வளைகுடாவில் யாரோ பிடித்த ரெட்ஃபிஷ் படம் வாட்ஸ்அப்பில் வரும். அடுத்த வாரமே இரண்டு பேர் பழைய பதினெட்டடிப் படகுக்கு விலை பேசிக்கொண்டிருப்பார்கள். எஞ்சின் சத்தம் சரியா, ஹல்லில், அதாவது படகின் உடலில், விரிசல் உண்டா, தளத்தில் கால் வைத்தால் அமுங்குகிறதா என்பதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், யூடியூப் புண்ணியத்தில். தடுக்கி விழுவது காகிதத்தில்தான். அதுவும் நாங்கள் முன்பு விழுந்த அதே இடங்களில்.

கையெழுத்தை மறப்பது, ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியானதைக் கவனிக்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெக்சஸ் விதிகளை வைத்தே எழுதுகிறேன். மாநிலம் மாறினால் விதியும் மாறும்.

கார் வாங்கிய பழக்கத்தில் போவது

காருக்கு ஒரு டைட்டில், ஓர் ஆபீஸ். டெக்சஸில் அவுட்போர்டு மோட்டார், அதாவது பின்னால் வெளியே தொங்கும் மோட்டார், வைத்த படகை டிரெய்லரோடு வாங்கினால் நீங்கள் வாங்குவது மூன்று பொருள். படகுக்கு ஒரு டைட்டில், மோட்டாருக்குத் தனியாக ஒரு டைட்டில், டிரெய்லருக்கு அதன் காகிதம். முதல் இரண்டும் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் கையில் இருக்கின்றன. டிரெய்லர் மோட்டார் வாகனத் துறையைச் சேர்ந்தது, கவுண்டி டாக்ஸ் ஆபீஸில் மாற்ற வேண்டும். சில கவுண்டி ஆபீஸில் படகு வேலையும் செய்து தருவார்கள், எல்லாவற்றிலும் இல்லை. போவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. டைட்டில் என்பது யாருடைய பொருள் என்பதற்கான பத்திரம். ரெஜிஸ்ட்ரேஷன் என்பது தண்ணீரில் ஓட்டுவதற்கான அனுமதி, இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விற்பவர் ரெஜிஸ்ட்ரேஷன் கார்டை நீட்டி "எல்லாம் கரண்ட்ல இருக்கு" என்றால், ஓட்டும் அனுமதி உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

மோட்டாரின் டைட்டிலைக் கேட்காமல் பணத்தைக் கொடுப்பது

இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த ஆள் இதையே செய்துவிட்டு வந்து நிற்கிறான். எரிச்சலாக இருக்கிறது.

போன வருடம் ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரான கேட்டியில் இருக்கும் ஒரு தம்பி போன் செய்தான். குரலிலேயே சிரிப்பு.

"அண்ணா, படகு வாங்கிட்டேன். டைட்டிலும் கையோட வாங்கிட்டேன். நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு."

"எதோட டைட்டில்?"

"படகோட டைட்டில்தான்ணா. வேற எது?"

படகின் டைட்டில் பழுதில்லை. விற்றவர் பெயர், ஹல் எண் எல்லாம் பொருந்தின. பின்னால் தொங்கிய 115 குதிரைசக்தி மோட்டாருக்கு அவன் வாங்கியது ஒரு வெள்ளைத்தாள். "மோட்டாரையும் சேர்த்து விற்றேன்" என்று விற்றவர் கையால் எழுதி, தேதி போட்டுக் கொடுத்திருந்தார். மோட்டார் எண்ணைப் போட்டுத் தேடினால் உரிமையாளர் இடத்தில் வேறொருவர் பெயர் வருகிறது. அவருக்குக் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் கடன் பாத்தியதையாக அதில் நிற்கிறது. அந்த வங்கியோ வேறொரு வங்கியோடு இணைந்து பெயரே மாறிப்போயிருந்தது.

நடந்தது இதுதான். விற்றவர் பழைய மோட்டார் பழுதானதும், ஒருவரிடமிருந்து இந்த மோட்டாரை ரொக்கத்துக்கு வாங்கிப் பூட்டியிருக்கிறார். தன் பெயருக்கு மாற்றவில்லை. மாற்றினால் விற்பனை வரி கட்ட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். ஓடுகிற மோட்டாருக்குக் காகிதம் எதற்கு என்று விட்டுவிட்டார். அவர் சில வருடம் ஓட்டினார், யாரும் கேட்கவில்லை. கேள்வி முழுவதும் கடைசியாக வாங்கியவன் தலையில் விடிந்தது.

ஊரில் மனை வாங்கும்போது நாம் என்ன செய்வோம்? தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்தையும் பார்ப்போம், வில்லங்கச் சான்று எடுப்போம், வக்கீலிடம் காட்டுவோம். அதே ஆள் இங்கே பல ஆயிரம் டாலரை ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டு, டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி இழுத்து வந்துவிடுகிறான். பழைய படகுகளில் பாதி விலை மோட்டாருக்குத்தான் என்பதையும் யோசிப்பதில்லை. நல்ல மோட்டார் என்றால் பாதிக்கும் மேலே.

படகு அவன் பெயருக்கு மாறியது, மோட்டார் மாறவில்லை. பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்து, அவர் கையெழுத்து வாங்கி, கடன் தீர்ந்தது என்று புதிய வங்கியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. வங்கியில் ஒவ்வொரு முறையும் புதிய ஆள் பேசினார், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுவரை படகு வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வாசலில் படகு நிறுத்தக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வேறு. மீன் சீசன் அப்படியே போயிற்று. இத்தனைக்கும் அவனுக்கு அதிர்ஷ்டம்தான், பழைய உரிமையாளர் உயிரோடும் அதே ஊரிலும் இருந்தார். இறந்திருந்தால் வாரிசுகள் பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஆளே கிடைக்காவிட்டால் பிணைப் பத்திரம் வாங்கி அதன் மேல் டைட்டில் கேட்கும் வழி இருக்கிறது. அதற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இதைத் தவிர்க்க ஐந்து நிமிடம் போதும். மோட்டாரைப் படகோடு பூட்டியிருக்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் எண் இருக்கும், தகடாகவோ ஸ்டிக்கராகவோ. உப்பு படிந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். தகடு பிய்ந்திருந்தாலோ சுரண்டியிருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பலாம். எண் தெளிவாக இருந்தால், பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்தில் படகு, மோட்டார் இரண்டின் உரிமையாளரையும் தேடிப் பார்க்கும் வசதி உண்டு. டிஎக்ஸ் என்று தொடங்கும் படகின் பதிவு எண், ஹல் எண், மோட்டார் எண் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் பெயரும் உங்கள் முன்னால் நிற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றா? இரண்டு பேர் பெயர் இருந்தால் மற்றவர் எங்கே? கணவன் மனைவி பிரிந்த பிறகு விற்கப்படும் படகுகள் நிறைய. ஒருவர் கையெழுத்தோடு வந்து, இன்னொருவரைத் தேடி அலைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதன் அண்ணன் தம்பி இன்னொன்று உண்டு. டைட்டில் இருக்கும், ஆனால் விற்பவர் பெயரில் இருக்காது. அவருக்கு விற்றவர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்ட காகிதம். "உங்க பேரை நேரா எழுதிக்கோங்க, எனக்கு ஒரு தலைவலி மிச்சம்" என்பார்கள். மிச்சமாவது அவருக்கு, வந்து சேர்வது உங்களுக்கு. அவர் கட்டாமல் விட்ட வரியும் போடாமல் விட்ட கையெழுத்தும் உங்கள் விண்ணப்பத்தில்தான் வந்து விழும். முதலில் அவர் பெயருக்கு மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். மறுத்தால் விடுங்கள், கடலில் படகுக்கா பஞ்சம்?

ஜெட் ஸ்கீ, உள்ளேயே எஞ்சின் பொருத்திய படகு ஆகியவற்றுக்கு இந்த வம்பு இல்லை. அவற்றில் எஞ்சினுக்குத் தனி டைட்டில் கிடையாது.

ஹல் எண்ணைப் படிக்காமல் விடுவது

1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் தயாரித்த படகுகளில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். படகின் பின்பலகையில், வலப்பக்கம் மேலே பாருங்கள். டைட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள். 1984 ஆகஸ்டிலிருந்து வந்தவற்றில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். விளம்பரத்தில் "2015 மாடல்" என்று இருக்கும், எண் 12 என்று முடியும். விலையைக் குறைக்க இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. அப்போதிலிருந்து இதே எண்ணைப் படகுக்குள் மறைவான இடத்திலும் பதிக்கிறார்கள். வெளியே உள்ள எண்ணைத் திருடன் மாற்றினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிமாநிலப் படகை டெக்சஸ் கண்ணால் பார்ப்பது

ஜார்ஜியாவிலிருந்து மலிவாக வருகிறதே, டைட்டில் இல்லையாமே, திருட்டுப் படகோ என்று ஒருவர் பதறினார். ஜார்ஜியா படகுக்கு டைட்டிலே கொடுப்பதில்லை. அங்கே ரெஜிஸ்ட்ரேஷனும் விற்பனைச் சீட்டும்தான் கிடைக்கும். மிச்சிகனில் இருபது அடிக்குக் குறைந்த, வெளியே மோட்டார் தொங்கும் படகுக்கு டைட்டில் கட்டாயம் இல்லை. நியூயார்க்கில் 1987க்கு முந்தைய மாடலுக்கு இல்லை. ஒஹாயோவிலோ டெக்சஸ் போலவே மோட்டாருக்கும் டைட்டில் உண்டு, பத்துக் குதிரைசக்தியும் அதற்கு மேலும் என்றால். எனவே "டைட்டில் இல்லை" என்பது எந்த மாநிலம் என்பதைப் பொறுத்து நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். மோட்டாருக்கு டைட்டில் கொடுக்காத மாநிலத்திலிருந்து வாங்கினால், விற்பனைச் சீட்டில் மோட்டார் எண்ணைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

மாநிலத்தைக் குறிக்கும் பதிவு எண்ணின் முதல் இரண்டு எழுத்தை நம்பியும் ஏமாறுவார்கள். எம்ஐ என்றால் மிசிசிப்பி. மிச்சிகனுக்கு எம்சி. கலிஃபோர்னியாவுக்கு சிஎஃப்.

வேலை மாறி படகோடு குடிபெயர்கிறவர்களுக்கு: புதிய மாநிலத்திலேயே பெரும்பாலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பழைய எண் அறுபது நாள் வரைதான் செல்லும். அதற்குள் புதிய எண் வாங்க வேண்டும்.

கயாக்கில் மோட்டார் மாட்டிவிட்டு சும்மா இருப்பது

துடுப்பு போடும் கயாக்குக்கு டெக்சஸில் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். அதில் பேட்டரியில் ஓடும் சின்ன டிரோலிங் மோட்டாரை மாட்டிய நிமிடமே அது மோட்டார் படகு. டைட்டில், ரெஜிஸ்ட்ரேஷன், பக்கத்தில் எண் எல்லாம் வேண்டும். மின்மோட்டாருக்குத் தனி டைட்டில் தேவையில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பதிவு எண்ணை அழகாக ஒட்டுவது

அழகு வேண்டாம். மூன்று அங்குல உயரம், கட்டை எழுத்து, ஹல் நிறத்துக்கு எதிர் நிறம், முன்பாதியில் இரண்டு பக்கமும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் எழுத்து அகல இடைவெளி அல்லது கோடு. சாய்வெழுத்தில், நிழல் போட்டு, டிஎக்ஸும் எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும் படகைத்தான் வார்டன், அதாவது தண்ணீரில் சோதனை செய்யும் துறை அதிகாரி, முதலில் நிறுத்துவார்.

ரெஜிஸ்ட்ரேஷன் கார்டை டிரக்கில் வைத்துவிட்டுப் போவது

வார்டன் கேட்பது தண்ணீரில்.

வரிக்குப் பயந்து விலையைக் குறைத்து எழுதுவது

வேண்டாம். வரி 6.25 சதவீதம். நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்து பணத்தைத் திரும்பக் கேட்டால், சீட்டில் எழுதிய தொகைதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். டைட்டிலுக்கு விண்ணப்பிக்கத் தனிக் கெடு உண்டு, வரி கட்ட நாற்பத்தைந்து வேலைநாள். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

கோஸ்ட் கார்டில் (மத்திய அரசின் கடலோரக் காவல்படையில்) பதிந்தால் மாநிலத் தொல்லை இல்லை என்று நம்புவது

பெரிய படகு வாங்குகிறவர்களிடம் புரோக்கர்கள் இதைச் சொல்வார்கள். அங்கே பதிய, படகு குறைந்தது ஐந்து நிகர டன் இருக்க வேண்டும். அது எடைக் கணக்கு கிடையாது, உள்கொள்ளளவின் கணக்கு. அதைவிட முக்கியம், உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். எச்1பி ஆகாது, கிரீன் கார்டும் ஆகாது. நம்மில் பாதிப்பேருக்கு இந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது, மாநிலப் பதிவு ஒன்றே வழி. குடியுரிமை உள்ளவர்கள் பதிந்தால், சில மாதத்தில் அரசாங்கக் கடிதம் போலவே "உடனே புதுப்பிக்கவும்" என்று ஏதேதோ கம்பெனிகளிடமிருந்து கடிதம் வரும். கோஸ்ட் கார்டின் ஆவண மையம் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. அங்கிருந்து வராத கடிதத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

டிரெய்லர்

அதற்கும் எண் உண்டு. குனிந்து பாருங்கள்.

விற்ற பிறகு மறந்துவிடுவது

நீங்களும் ஒருநாள் விற்பீர்கள். வாங்குபவரோடு டாக்ஸ் ஆபீஸுக்கு நேரில் போய் மாற்றிக் கொடுங்கள். முடியாவிட்டால் விற்றுவிட்டதாகத் துறைக்கு எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படகை யாராவது எங்காவது பாலத்தடியில் கைவிட்டுப் போனால், ஹல் எண்ணைப் போட்டுப் பார்த்து உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.