ஃபேன்ஸி நூலில் ஸ்கார்ஃப்: ஓரம் குறுகிப்போவதும் வேறு சில தவறுகளும்

சாதாரண நூலில் பிசிறில்லாமல் குரோஷே பின்னுகிறவர்கள்கூட ஐலாஷ் (மயிரிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர் நூல்), செனில் (வெல்வெட் மாதிரி மெத்தென்ற நூல்), ரிப்பன் மாதிரி ஃபேன்ஸி நூலை எடுத்ததும் தடுமாறுகிறார்கள். ஊசியைப் பிடிப்பது, முடிச்சுப் போடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

கண்ணி எண்ணாமல் பின்னுவது

"ஃபர் நூல்தானே, தவறெல்லாம் மறைந்துவிடும்" என்று சொல்லித்தான் புதியவர்கள் கையில் இதைக் கொடுக்கிறார்கள். எரிச்சலூட்டும் அறிவுரை. மறைவது கண்ணியின் தளர்வும் இறுக்கமும் மட்டுமே, அகலம் மறையாது. 18 கண்ணியில் தொடங்கி மூன்று வரிசைக்கு ஒன்றைத் தவறவிட்டால், 30 வரிசை முடியும்போது மிச்சம் 8. ஸ்கார்ஃப் பாதி அகலத்துக்கும் கீழே போயிருக்கும். அதைக் கழுத்தில் சுற்றிப் பார்க்கும்போதுதான் பலரும் கவனிக்கிறார்கள்.

கண்ணி தொலைவது பெரும்பாலும் ஓரத்தில்தான். டபுள் குரோஷேயில் (ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணி) அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது போடும் 3 சங்கிலியும் ஒரு கண்ணிக் கணக்கு. அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணி அதன் உச்சியில் விழ வேண்டும். ஃபர் அதை மூடிக்கொள்வதால் வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிவிடுவார்கள்.

பிரித்துப் பின்னலாம் என்றால் அதுவும் எளிதல்ல. இழுக்க இழுக்க மயிரிழைகள் ஒன்றோடொன்று பின்னி, நடுவிலுள்ள மெல்லிய நூல் முடிச்சாக இறுகும். பலத்தைக் காட்டினால் அறுந்துவிடும். கண்ணி கண்ணியாகத்தான் தளர்த்த வேண்டும். சிக்கிய மயிரிழையை மட்டும் சின்னக் கத்தரியால் நறுக்கலாம்.

இதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் இருக்க:

தொடக்கச் சங்கிலியையும் முதல் வரிசையையும் அதே நிறத்திலுள்ள வழவழப்பான நூலில் போடுங்கள். அதன் பிறகும் அந்த நூலை ஃபர் நூலோடு சேர்த்து இரட்டையாகப் பிடித்துப் பின்னினால் கண்ணி விரலுக்குத் தட்டுப்படும்.

கண்ணியின் தலைக்குள் ஊசியை நுழைக்கத் தேடாதீர்கள். இரண்டு டபுள் குரோஷேக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நுழையுங்கள். 18 கண்ணிக்கு நடுவே 17 இடைவெளி. திரும்பும் 3 சங்கிலியோடு சேர்த்தால் கணக்கு மறுபடியும் 18.

ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் ஒரு மார்க்கர் மாட்டுங்கள். சேஃப்டி பின்னும் போதும்.

இன்னொரு வழியும் உண்டு: ஸ்கார்ஃபை நீளவாக்கில் பின்னுவது. 8 மி.மீ. ஊசியில் சுமார் 150 கண்ணி போட்டால் ஏழெட்டு வரிசையிலேயே அகலம் வந்துவிடும். நடுவில் ஒன்றிரண்டு தொலைந்தாலும் தெரியாது. ஆனால் தொடக்கச் சங்கிலிக்கு மட்டும் இன்னும் ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். சங்கிலி இறுகினால் ஸ்கார்ஃப் வில்லாக வளைந்துவிடும்.

சின்ன ஊசி

லேபிளில் உள்ள அளவைவிட ஒன்றிரண்டு அளவு பெரிதாக எடுங்கள். ஐலாஷுக்கு 6.5 முதல் 8 மி.மீ. வரை. இறுக்கிப் பின்னிய ஐலாஷ் ஸ்கார்ஃப், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி விறைத்து நிற்கும். செனில் மட்டும் விதிவிலக்கு: அதைத் தளர்வாகப் பின்னினால் பின்னலிலிருந்து நூல் புழு மாதிரி வளைந்து வளைந்து வெளியே வரும்.

சிக்கலான டிசைன்

வீண் உழைப்பு. ஃபரில் எதுவும் தெரியாது.

எடையைப் பார்த்து வாங்குவது

50 கிராம் உருண்டை ஒன்றில் 50 மீட்டர் இருக்கும், இன்னொன்றில் 90. மீட்டரைப் பாருங்கள்.

நுனியைச் செருகிவிட்டு மறப்பது

ரிப்பன் நூலும், ஏணிப் படி மாதிரி குறுக்கிழை உள்ள ஏணி நூலும் வழுக்கும். ஊசியால் உள்ளே கோத்த நுனி ஒரு வாரத்தில் வெளியே எட்டிப் பார்க்கும். கோத்த பிறகு அதே நிறத் தையல் நூலால் நாலைந்து தையல் போட்டுப் பிடியுங்கள். செனிலின் வெட்டிய முனை பஞ்சாக உதிரும். அங்கே முதலில் ஒரு முடிச்சு.

ஃபர் ஒரே பக்கம் நிற்பது

ஃபர் ஒரு வரிசை, சாதா நூல் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால், ஃபர் வரிசையெல்லாம் ஒரே முகத்தில் அமைந்து மயிரிழைகள் ஒரு பக்கமே தள்ளும். இரண்டிரண்டு வரிசையாக மாற்றுங்கள். நூலும் அதே ஓரத்துக்குத் திரும்பி வரும், வெட்ட வேண்டியதில்லை. சாதா நூலின் இரண்டாவது வரிசையில் கண்ணி கண்ணுக்குத் தெரியும், எண்ணிப் பார்க்க அதுதான் நேரம். உள்ளே மாட்டிய மயிரை அகலப் பல் சீப்பால் மெல்ல இழுத்து விடலாம்.

இஸ்திரி

வேண்டாம், ஆவியும் வேண்டாம். ஐலாஷ் பெரும்பாலும் பாலியஸ்டர். சூடு பட்டால் மயிர் சுருண்டு ஒட்டிக்கொள்ளும், மீட்க முடியாது.